ஐந்தே முக்கால் பஸ்

ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் லேப் முடிய மாலை ஐந்தரை ஆகிவிடும். திருப்புட்குழிப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸோ ஐந்துக்கே கிளம்பிவிடும். பெண்கள் ஹைவே ஓரமாக நடந்து போய் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பார்கள். லேப் முடிந்த பிறகு ஒரு பஸ் விடச் சொல்லி ரேவதி பதினான்கு மாதம் அலைந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மக்கள் மேடை என்ற சின்ன அமைப்புக்குச் செயலாளர். மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்த பிறகு, அமைப்புக்கு வந்துபோகும் கல்லூரி மாணவி அபிநயாவும் இன்னும் இருபது மாணவிகளும் பஸ் டெப்போ வாசலில் போய் உட்கார்ந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ் கிடைத்தது. பேப்பரில் படமும் வந்தது. முன்வரிசையில் கையை உயர்த்தியபடி அபிநயா.

பஸ் விட்ட அன்று கட்சிக்காரர்கள் கொடியசைத்தார்கள். ரேவதி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஏறிய பெண்களில் அபிநயா இல்லை. அவள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டதாக ஒருத்தி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி திருப்புட்குழியில் இருக்கும் அபிநயா வீட்டுக்குப் போனாள். வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா மாணிக்கவேல் கோபப்படவில்லை, நாற்காலி எடுத்துப் போட்டார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டைக்கு வருகிறவர்களிடம்தான் அவளுக்குப் பேசிப் பழக்கம். படம் வந்ததிலிருந்து பங்காளிகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்றார் அவர்.

"பஸ்ஸு வந்தது நல்லதுதான் மேடம். ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் போய்க்கினு வந்துக்கினு இருக்குதுங்க. எம்பொண்ணுதான் வூட்ல குந்திக்கினு இருக்குது."

முன்பெல்லாம் இந்த இடத்தில் ரேவதி சட்டம் பேசியிருப்பாள். இப்போது வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. பெண்ணைப் படிக்க அனுப்பினால் போதும், அவர் என்ன சொன்னாலும் கேட்பதாகச் சொன்னாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். கூட்டம், போராட்டம் என்று இனி தன் பெண்ணைக் கூப்பிடக் கூடாது.

ஆறு வருஷத்தில் மக்கள் மேடைக்கு வந்த ஒரே சின்ன வயசுக்காரி அபிநயா. மனு எழுதுவாள், மைக்கைப் பிடித்தால் தடுமாறமாட்டாள். தனக்குப் பிறகு இவள்தான் என்று ரேவதி யாரிடமும் சொல்லாமல் நினைத்து வைத்திருந்தாள்.

கதவோரம் நின்ற அபிநயா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "சரின்னு சொல்லிடுக்கா," என்றாள். "எனக்கு செமஸ்டர் வருது."

"கூப்பிட மாட்டேன்," என்றாள் ரேவதி.

மாணிக்கவேல் தலையாட்டினார். மறுநாளே அபிநயா கல்லூரிக்குப் போனாள்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் தணிகாசலம், அந்தப் பெண்ணை எங்கே காணோம் என்று கேட்டார்.

"காலேஜுக்குப் போறா சார்," என்று சொல்லிவிட்டு, சாக்கடை அடைப்பு பற்றிய மனுவை ரேவதி வாசிக்க ஆரம்பித்தாள்.