கோட்டைக்குள் ஒரு மேசை

ஒரு நேரச் சாப்பாட்டு மேசைக்காக யாராவது இந்தப் பாடு படுவார்களா என்று கேட்டால், லண்டன் எட்மண்டனில் றோஸ்மலர் என்றொருத்தி பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பாரிசுக்குப் பக்கத்திலுள்ள பெரிய கேளிக்கைப் பூங்காவில், கோட்டை மாதிரிக் கட்டிய ஒரு ரெஸ்டோரன்ட். அங்கே கிரீடம் வைத்த இளவரசிகள் மேசை மேசையாக வந்து பிள்ளைகளோடு கதைப்பார்கள். பூங்காவுக்கு டிக்கெட் எடுப்பது பெரிய காரியமில்லை. அந்த மேசைதான் லேசில் கிடைக்காது. இரண்டு மாதத்துக்குப் பிந்திய ஒரு நாளை ஒவ்வொரு விடியற்காலையும் திறந்துவிடுவார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊர் உலகத்துத் தாய்மார் எல்லாரும் விழுந்தடித்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். றோஸ்மலருக்கு மிஞ்சியது "இடமில்லை" என்ற சாம்பல் நிற எழுத்து மட்டும்.

ஆகஸ்டில் அவர்கள் அங்கே நிற்கப்போவது நாலு நாள். ஆகவே முயன்று பார்க்கவும் நாலு விடியற்காலைதான். மூன்று ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தது.

"இஞ்சேரும், அந்தக் கடை இல்லாட்டி வேற கடை. உமக்கென்ன விசரே?" என்று கேட்டார் புருசன் றெஜினோல்ட்.

"உங்களுக்கு விளங்காது," என்றாள் அவள்.

அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கிக்கொள்ளப் பயந்து, மகளின் தட்டைப் பாராமல் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகியிருந்தார்.

மகள் றொசாந்திக்குப் பதினாலு வயது. ஏழு வயதில் அதே பூங்காவுக்குப் போனபோது, இடம் பதிய வேண்டும் என்ற விசயமே தெரியாமல் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். கண்ணாடிக்குள்ளால் இளவரசிகளைப் பார்த்துப் பிள்ளை விக்கி விக்கி அழுதாள். அடுத்த முறை கட்டாயம் கூட்டிக்கொண்டு போவேன் என்று றோஸ்மலர் அன்றைக்குச் சொல்லியிருந்தாள். இப்போது அந்தப் பிள்ளை சாப்பிடுவதில்லை. அந்த மேசையில் கொண்டுபோய் இருத்திவிட்டால், ஏழு வயதுப் பிள்ளை திரும்பி வந்து சாப்பாட்டுக் கோப்பையை வழித்துச் சாப்பிடும் என்று றோஸ்மலர் நம்பினாள். இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். பயந்துபோன தாயிடம் நியாயம் கேட்டு என்ன பலன்?

தொடங்கியது பெப்ரவரியில், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய தவக்காலத்தில். விபூதிப் புதனன்று றொசாந்தி சாக்லேட்டை விட்டாள். பிறகு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருந்த சுத்தபோசனம் எல்லா நாளுக்கும் பரவி, இறைச்சி மீன் அடியோடு நின்றது. அதற்குப் பிறகு ஒருசந்தி. பெரியவர்களே தலையைச் சொறிகிற ஒருநேரச் சாப்பாட்டு விரதத்தைக் கிழமை முழுக்கப் பிடித்தாள். றோஸ்மலர் தடுத்தாளா? தடுக்கவில்லை. சேர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னாள்.

"இஞ்ச பிறந்த பிள்ளை எண்டு சொல்லேலுமே? நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. தானாத்தான் பிடிக்குது."

"குடுத்து வைச்சனீர்," என்றாள் பாட்டுக்குழுவில் பாடும் சுசிலா. "பக்திக்குப் பக்தியும் ஆச்சு, மெலிஞ்சு வடிவாயும் வந்திட்டாள்."

அன்றைக்கு றோஸ்மலருக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று ஆட்டிறைச்சிக் கறியும் பிரியாணியும் மேசைக்கு வந்தன. றொசாந்தி கரண்டியால் சோற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்று எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டு. யூன் மாத வெயிலிலும் தடித்த சுவெற்றரைக் கழற்ற மாட்டாள். றோஸ்மலருக்கு வேலை ஒரு பள்ளிக்கூடக் கிச்சினில். ஊர்ப்பிள்ளைகளின் தட்டுகளை நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, தன் பிள்ளையின் தட்டைக் குப்பைவாளிக்குள் கவிழ்ப்பாள். ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோயில் வாசலில் பெருமையடித்த வாய் இதை எப்படிச் சொல்லும்?

நாலாவது விடியற்காலை, தன் போனையும் புருசனுடைய போனையும் குசினி மேசையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறித் தட்டினாள். சுற்றிச் சுற்றி நின்ற வட்டம் சட்டென்று பச்சையானது. மூன்று பேருக்கு மேசை. மத்தியானச் சாப்பாடு. உறுதி.

படியில் ஓடி ஏறினாள். "றொசா! கிடைச்சிட்டுது பிள்ளை! கோட்டைக்குள்ள மேசை கிடைச்சிட்டுது!"

றொசாந்தி பள்ளிக்கூட உடுப்போடு கட்டிலில் இருந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். இளவரசிகளின் படத்தில் கண் நிற்கவில்லை. விரல் நேரே மெனுவுக்குப் போனது. முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் இனிப்பு.

"எல்லாம் சாப்பிட வேணுமா அம்மா?"

"விருப்பமானதைச் சாப்பிடன். ஆறுதலா இருந்து சாப்பிடலாம்."

"எவ்வளவு நேரம் இருக்க வேணும்?"

"ரெண்டு மணித்தியாலம் இருக்க விடுவினமாம். என்ன அவசரம்?"

"ப்ளீஸ் அம்மா. ரைட்ஸ் எல்லாத்திலயும் ஏறுறன். நீங்கள் சொல்லுற எல்லா இடத்துக்கும் வாறன். இதுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

"ஏன் பிள்ளை? சின்னனில இதுக்குத்தானே அழுதனீ?"

"எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"சாப்பாட்டுக்கு."

றோஸ்மலருக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒருபிடி சோற்றுக்கு வரிசையில் நின்ற சனத்தில் பிறந்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பயமோ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுவெற்றர் கைக்குள்ளிருந்து வெளியே தெரிந்த மணிக்கட்டைக் கண்டாள். வந்த சொல்லை விழுங்கிவிட்டு, பக்கத்தில் இருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சேர்ச்சில எல்லாருக்கும் சொன்னீங்கள். ஐ வாஸ் த குட் வன். பிறகு எப்பிடி அம்மா சொல்லுறது?"

தாய்க்கும் அதே வாய்ப்பூட்டு, பிள்ளைக்கும் அதே வாய்ப்பூட்டு. இரண்டையும் போட்டவள் தான்தான் என்று றோஸ்மலருக்கு விளங்கியது. போனை வாங்கி, ரத்துச் செய்வதற்கான இடத்தைத் தேடி அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினாள். அந்த மேசையை எந்த ஊர்த் தாயோ அடுத்த கணமே கொத்திக்கொண்டு போயிருப்பாள்.

வேலைக்கு வெளிக்கிட்டு வந்த றெஜினோல்ட் கதவடியில் நின்றார். "என்னப்பா, கான்சல் பண்ணிப் போட்டீரே?"

"ஓம். நீங்கள் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை. இஞ்ச வந்து இருங்கோ."

அவர் மகளைப் பார்த்தார். கனநாளைக்குப் பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பாமல் பார்த்தார். கட்டிலடியில் நிலத்தில் இருந்தார்.

எட்டு மணிக்கு டொக்டரின் சேர்ஜரிக்கு, அதுதான் கிளினிக்குக்கு, போன் எடுக்கலாம். அதுவும் லேசில் கிடைக்காது. றோஸ்மலர் எடுத்தாள், வெட்டுப்பட்டது, திரும்ப எடுத்தாள். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண்குரல் வந்து, என்ன பிரச்சினை என்று இங்கிலிஷில் கேட்டது. மாதக்கணக்காக ஒருவரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: என் மகள் சாப்பிடுகிறாள் இல்லை, அவளுக்குச் சாப்பாட்டுக்குப் பயமாக இருக்கிறதாம்.

குரல் இளகியது. எவ்வளவு காலமாக என்று கேட்டது.

"பெப்ரவரியிலிருந்து," என்றாள் றோஸ்மலர்.

றொசாந்தி அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "பெப்ரவரி இல்லை அம்மா."

"அப்ப?"

"போன வருசம். ஸ்கூல் தொடங்கின நேரம்."

அப்படியென்றால் நத்தார் கேக்கை வெட்டியபோதும் இருந்திருக்கிறது, புது வருசத்துக்குப் படம் எடுத்தபோதும் இருந்திருக்கிறது. தவக்காலத்தில் பிள்ளை தொடங்கவில்லை. ஒளிந்துகொள்ள அவளுக்கு விரதம் என்று ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அவளை அதற்குள்ளே விட்டு, கதவைச் சாத்தி, வாசலில் நின்று எல்லாருக்கும் பெருமை பேசியிருக்கிறாள் தாய்.

மறுமுனையில் அந்தப் பெண், கேட்கிறதா, கேட்கிறதா என்று கூப்பிட்டாள்.

"பெப்ரவரி இல்லை. போன வருசம் செப்டெம்பர்," என்றாள் றோஸ்மலர். குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு விளங்கியிராதோ என்று இன்னொரு தரம் தெளிவாகச் சொன்னாள்.