படத்தில் இருந்த காய்

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு நினைப்பு. பள்ளிக்கு மாதிரியாக வந்த நாற்பது படப் புத்தகங்களையும் அவள் தலையில்தான் கட்டினார்கள். அவளும் சும்மா விடவில்லை. பக்கத்துக்கு எத்தனை வார்த்தை, எழுத்து பெரிதாக இருக்கிறதா, பிள்ளைகள் நாக்கில் புரளாத சொல் எதுவும் உண்டா என்று சல்லடை போட்டுச் சலித்தாள். படங்களை? 'அழகா இருக்கு' என்று ஒரு புரட்டு, அவ்வளவுதான். அடக் கொடுமையே, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் படத்தைத்தானே பார்க்கும்! சலித்தெடுத்த பத்தும் வகுப்புக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

அன்று இடைவேளையில், அவள் மேசைமேல் கிடந்த ஒரு புத்தகத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துப் புரட்டினார். அணில் தன் கூட்டாளிகளுக்கு விருந்து வைக்கிற கதை அது.

"ஏன் டீச்சர், அணில் பரிமாறுறது அரளிக்காய் மாதிரி இருக்கே?"

"காய்னுதான் சார் எழுதியிருக்கு. என்ன காயா இருந்தா என்ன?"

"நல்லாப் பாருங்க. மஞ்சப் பூ, நீட்டு இலை. பாவி மனுஷன் அச்சு அசலா வரைஞ்சு வச்சிருக்கான். நம்ம பின்பக்க வேலியோரம் நிக்குதே, அதே செடி. விஷமாச்சே அது!"

டீச்சர் சட்டென்று எழுந்தாள். காலையில்தான், வகுப்பிலேயே சின்னவளான சிட்டு வந்து, "இன்னிக்கு அணில் விளையாட்டு விளையாடப் போறோம் டீச்சர்" என்றாள். இவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "சரி சரி, ஓடு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

விழுந்தடித்து ஓடினாள். ஒரு செருப்பு படியிலேயே கழன்றுகொண்டது. வேலியோரம் ஐந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு இலை, இலைமேல் பச்சைக் காய்.

"யாரு தின்னது? சொல்லுங்க! யாரு தின்னது?"

ஒருவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அவள் கத்தக் கத்த வாய்கள் இன்னும் இறுகிக்கொண்டன. தன் பயமே பிள்ளைகளின் வாயைப் பூட்டுகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மண்ணில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"திட்டவே மாட்டேன் கண்ணுங்களா. எனக்கு விருந்து கிடையாதா?"

வாயாடி ஒருத்தி மெல்ல வாய் திறந்தாள். "நாங்கல்லாம் பொய்யாத்தான் சாப்பிட்டோம் டீச்சர். சிட்டு மட்டும் நிஜமாவே சாப்பிட்டா."

சிட்டு தலையைக் கவிழ்த்திருந்தாள். உதட்டில் எச்சில் வழிந்தது.

பின்னாலேயே ஓடி வந்திருந்த கணக்கு வாத்தியார் வண்டியைப் பறக்கவிட்டார். வழியில் சிட்டு இரண்டு தடவை டீச்சர் மடியிலேயே வாந்தி எடுத்தாள். 'என் உசிரை எடுத்துக்கோ, இவளை விட்டுடு' என்று யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல் டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் வெளியே வர ஒரு யுகம் ஆனது.

"சீக்கிரம் கொண்டுவந்தீங்க, நல்லவேளை. ஆனா இப்பவே எதுவும் சொல்ல முடியாது. நாளைக்குக் காலை வரைக்கும் இதயத் துடிப்பைப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அதற்குள் சிட்டுவின் அம்மா வேலையிடத்திலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இருவரையும் உள்ளே விட்டார்கள். நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருக்க, பிள்ளை கண்ணை விழித்துப் பார்த்தாள். புத்தகத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே போய்விடாதா என்று டீச்சரின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெட்கமாகவும் இருந்தது.

"ஏண்டி, கண்டதையும் வாயில போடாதேன்னு உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?" அம்மா அழுதாள்.

"கண்டது இல்லம்மா. டீச்சர் குடுத்த புத்தகத்துல இருந்துச்சு." சிட்டுவுக்கு மூச்சு வாங்கியது. "ரொம்பக் கசந்துச்சு. துப்பத்தான் பாத்தேன். ஆனா படத்துல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டாங்க. எனக்குத்தான் சரியாத் தின்னத் தெரியலையோன்னு முழுங்கிட்டேன்."

அம்மா மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.