காத்திருந்த கட்டளை

ஹில்டா அக்கா எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசில் இன்னும் சிலர் வேறு மாதிரி பேசிக்கொண்டு திரிகிறார்கள்.

குரோம்பேட்டையில் எங்களுடையது சின்ன கம்பெனி. ஃபைல்களின் பழைய வடிவங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை விற்கிறோம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் அதை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எடிட்டர் என்கிற எழுதும் பெட்டி ஒன்று திறக்கும், என்ன மாற்றினோம் என்று அதில் குறிப்பு எழுத வேண்டும். "எடிட்டரே வேணாம், எங்க புரோகிராம் அந்தக் குறிப்பை நேரா உள்ளே அனுப்பணும்" என்று வாடிக்கையாளர்கள் போனில் என்னை நச்சரித்தார்கள். நான் சப்போர்ட்டில் இருக்கிறேன். திட்டு வாங்கத்தான் சம்பளம்.

பிள்ளைகளுக்காக ஆறு வருடம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய ஹில்டா அக்காவிடம் அந்தப் பொறுப்பு வந்தது. இது சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி ஹிதாயத்துல்லா சார் சொல்லியிருந்தார். அக்கா அழகாக முடித்தாள். கட்டளையின் முடிவில் ஒரு சின்னக் கோடு (-) போட்டால் போதும், எடிட்டர் திறக்காது. வேறு புரோகிராம் அனுப்புகிற எழுத்தையே குறிப்பாக எடுத்துக்கொள்ளும். எத்தனையோ விதமாக அனுப்பிப் பார்த்தாள், எல்லாம் ஓடியது.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சுற்றி நின்றோம். சார் ஆர்வம் தாங்காமல், "நானே ஓட்டிப் பாக்கறேன்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார். கோடு போட்டார். எதையும் அனுப்பாமலே என்டர் தட்டினார்.

திரையில் ஒன்றுமில்லை. கர்சர் மட்டும் நின்றது.

"இன்னாங்க இது, ஹேங் ஆயிடுச்சா?" என்றான் பின்னால் நின்ற இன்னொரு புரோகிராமர் பென்னி. அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஹேங்தான் போல" என்றார் சார், அக்காவைப் பார்த்து.

"சாரி சார். நான் எழுதினதுல ஏதோ பக் இருக்கு. நான் பாக்கறேன்" என்றாள் அக்கா. லிப்ட் கதவு தானாக மூடிக்கொண்டாலும் சாரி சொல்கிற ஆள் அவள். அவளே கீபோர்டுக்குக் கை நீட்டி அந்தக் கட்டளையை நிறுத்தினாள். சார் பெருமூச்சு விட்டு, இந்த வசதி இல்லாமலே புதிய பதிப்பை அனுப்பச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்காவும் நானும் ரயிலுக்கு நின்றோம். அக்கா இறங்குவது அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில், வீடு சிட்லபாக்கம். வண்டி வந்தது. அவள் ஏறவில்லை. நானும் நின்றுவிட்டேன்.

"தீபா, அது ஹேங் ஆகல" என்றாள். "யாரும் எதுவும் அனுப்பலன்னா, அது ஆள் டைப் பண்றதுக்காகக் காத்திருக்கும். அப்படித்தான் இருக்கணும். சார் ஒரு வரி அடிச்சிருந்தா சேவ் ஆகியிருக்கும். நான் எப்பவும் புரோகிராம் வழியாவே அனுப்பிப் பாத்தேன், அப்படி நிக்கறதை ஒரு தடவைகூடப் பாக்கல."

"அப்ப போனைப் போடுங்கக்கா!" என்று கத்தினேன்.

போட்டாள். ஸ்பீக்கரில் சார் முழுவதும் கேட்டார்.

"தப்பு என்னோடதுதான் ஹில்டா. எனக்குத் தெரியல, ஹேங்னு சொல்லிட்டேன். ஆனா எழுதினவங்க நீங்க. நல்லா இருக்கிற வேலையை பக்னு நீங்களே சொல்லிட்டீங்களே. நாளைக்கு ஒரு கஸ்டமர் இப்படிச் சொன்னா, அவர்கிட்டயும் ஆமான்னுதானே சொல்வீங்க?"

"சாரி சார்" என்று போனை வைத்தாள் அக்கா. எனக்கு அவர்மேலும் கோபம், அவள்மேலும் கோபம். நியாயமான கேள்வியைக் கேட்டுத் தொலைத்தாரே என்பதுதான் பெரிய கோபம்.

வேலை நிரந்தரமாகவில்லை, அந்த மாதத்தோடு அக்கா நின்றுவிட்டாள். பென்னி அந்த நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தான்: "குறிப்பை டைப் செய்யுங்கள்" என்று திரையில் காட்டும் வரி. மற்றதெல்லாம் அக்கா எழுதியபடியே அடுத்த பதிப்பில் போனது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அழைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அந்தக் கோடு போடற வசதி ரொம்பப் பிரமாதமுங்க. செஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், லைன் குடுங்க" என்றார்.

"அவங்க இப்ப இங்க இல்ல சார்" என்றேன்.

"பரவால்லீங்க, நீங்களே சொல்லிருங்க" என்று வைத்துவிட்டார்.

அக்காவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சொன்னால் சந்தோஷப்படுவாளா, அழுவாளா என்று தெரியவில்லை.