பதினோராயிரத்து நானூறு

...பதினோராயிரத்து நானூறு, எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் மாதச் செலவு போக மிஞ்சுவது அதேதான், என் மனைவி எலிசபெத் போட்ட கணக்கு பிசகுமா, பேங்கில் கேட்கிற வீட்டுத் தவணையோ மாதம் பதினைந்தாயிரம், சமாதானபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்தத் தாளை மடியில் விரித்து முறைத்துக்கொண்டிருக்கிறேன்... வீட்டை விற்கிற ஹபீப் முகம்மது அண்ணாச்சி தங்கமான மனுஷர், ஆனாலும், "பைய யோசியும் வே, ஆனா மத்தியானத்துக்குள்ள சொல்லிரும், அடுத்த ஆளு நிக்கான்" என்றுவிட்டார். பதினாறு வருஷமாக ஃபைல் தள்ளுகிற குமாஸ்தா நான், இப்படி ஒரு கணக்கு என் மேசைக்கு வந்ததில்லை. ஜூன் மாதப் பள்ளிக்கூடச் செலவைப் பன்னிரண்டாக வகுத்திருக்கிறாள், கிறிஸ்துமஸ் துணிமணியையும் அப்படியே, சிலிண்டர் நாற்பத்தெட்டு நாள் என்று எழுதி, பக்கத்தில் 'மழைக்காலத்தில் நாற்பத்திரண்டு' என்று வேறு... மழைக்கு வெந்நீர் கூடுதலாக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவளுக்குத் தோன்றும். என் செருப்புக்குக்கூட மாதம் எழுபது ரூபாய் ஒதுக்கியிருக்கிறாள், இதில் எதை வெட்டுவேன்?

அப்புறம் அந்த முதல் வரி... அதை ஏன் வாசிக்காமலே தாண்டினேன், சபையில் எல்லார் வீட்டுக் கணக்கும் அப்படித்தானே தொடங்கும் என்பதாலா? தசமபாகம், மூவாயிரத்து அறுநூறு. நான் அவள் கையில் கொடுக்கிற முப்பத்தாறாயிரத்தில் பத்தில் ஒன்று, கர்த்தருக்கு. ஆனால் என் சம்பளம் நாற்பதாயிரம், கர்த்தருக்குரிய நாலாயிரத்தை முதல் தேதியே பேர் போடாமல் கோயிலில் கட்டிவிட்டுத்தானே மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், கொடுப்பதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று அப்பா வளர்த்த வளர்ப்பு, அவளிடம்கூட வாயைத் திறந்ததில்லை, ஆபீஸ் பிடித்தம் என்று அவள் நினைத்திருப்பாள்... அப்படியானால் கல்யாணமான இந்த ஏழு வருஷமாக ஒரே சம்பளத்துக்கு இரண்டு தசமபாகமா? மூவாயிரத்து அறுநூறு! பதினோராயிரத்து நானூறோடு அதைச் சேர்த்தால்... அடடா, சரியாகப் பதினைந்தாயிரம். உடனே அவளுக்குப் போன் போட்டேன், அந்த முதல் வரி இருக்கிறதே என்று இழுத்தேன்.

"அதுல மட்டும் கைய வைக்காதீங்க," என்றாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க தசமபாகம் குடுக்கதில்லன்னு நான் ஒருநாளாவது குறை சொல்லியிருக்கேனா? உங்களுக்கும் சேத்துத்தான் நம்ம கோயில் பெண்கள் ஐக்கியத்துல பேர் போடாம குடுக்கேன்."

ஏழு வருஷம்... கொடுக்காத புருஷன் என்று நினைத்துக்கொண்டே சுடுசோறு போட்டிருக்கிறாள், ஒரு குத்தல் பேச்சு உண்டா, முகச்சுளிப்பு உண்டா, இவளைப் போல ஒரு மனுஷி எங்கே இருக்கிறாள், பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனில் நின்றுவிட்டது, "இறங்குங்க சார்" என்கிறார் கண்டக்டர், "ஹலோ, இருக்கீங்களா?" என்கிறாள் எலிசபெத்... பதினைந்தாயிரம் கட்டலாம் என்று தெரிந்துவிட்டது, யார் கொடுப்பதை நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.