நாற்பத்தொரு படங்கள்

கொழுந்தன் மூன்றாவது முறையாக அந்தப் படத்தின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினான். மூன்றாவது முறையும் திரையில் அதே அறிவிப்புதான்: 'இந்தக் கோப்பைத் திறக்க இயலாது.'

"பாத்தீங்களா அண்ணி? சொன்னேன்ல."

அவள் பார்த்தது அவன் முகத்தை.

முன்னறையில் அவள் கணவன் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். நேற்று காலை மொட்டைமாடியிலிருந்து விழுந்தவன். கால் வழுக்கியிருக்கும் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரி மட்டும் அவள் காதோரம் வந்து, "விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேல அண்ணன் தம்பி சண்டை போடுற சத்தம் கேட்டுச்சுக்கா" என்றிருந்தாள். கொழுந்தனோ, அதற்கு வெகுநேரம் முன்பே தங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய்விட்டதாகச் சத்தியம் செய்யாத குறை.

கூடவே விழுந்த புதுக் கேமரா நொறுங்கிவிட்டது. உள்ளிருந்த மெமரி கார்டு மட்டும் தப்பியது. அதில் நாற்பத்தொரு படங்கள்.

"போன வருஷத்துக் கல்யாணப் படம் ஒண்ணத் திற."

திறந்தான். மணப்பெண் பளிச்சென்று சிரித்தாள்.

"இதுக்கும் பேருக்குப் பின்னால அதே மூணு எழுத்து, அதுக்கும் அதே மூணு எழுத்து. இது திறக்கும், அது திறக்காதா? யாருக்குக் காது குத்துற?"

"அது பழைய கேமரா அண்ணி. இது புதுசு. சாஃப்ட்வேர் பத்து வருஷத்துப் பழசு..."

"நல்லா இருக்கு கதை."

துக்கம் கேட்க வந்த ஆல்பம் அச்சுக்காரர் அறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி சொல்றது நெஜம்தாம்மா. இது ரா ஃபைல், இன்னும் வேகாத அரிசி மாதிரி. பேரு ஒண்ணா இருந்தாலும் ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு மாதிரி எழுதும். இந்த சாஃப்ட்வேர் வந்தப்ப அந்தக் கேமரா பொறக்கவே இல்ல. எப்படி அடையாளம் தெரியும்? பொது வகைக்கு மாத்திக் குடுக்க ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. மாத்திட்டா இந்தக் கெழமும் வாயத் திறக்கும்." பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமேப்பா. போன மாசம் நான்தானே சொல்லிக் குடுத்தேன்?"

கொழுந்தன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான். "வண்டி வருதான்னு பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டான்.

போகட்டும், எவ்வளவு தூரம் போவான் என்று அவள் பல்லைக் கடித்தாள். அச்சுக்காரர் அந்தப் புரோகிராமை இறக்கி, எல்லாப் படங்களையும் மாற்றிக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனார். அவள் தனியே ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

தண்ணீர்த் தொட்டி. கொடியில் அவளுடைய புடவை. ஏகப்பட்ட புறாக்கள். முப்பத்தாறாவது படத்தில் கொழுந்தன்! கைகளைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி. ஓரத்தில் நேரம்: ஒன்பது நாற்பது. விழுந்த சத்தம் கேட்டது ஒன்பதே முக்காலுக்கு.

"அடப்பாவி!"

அடுத்ததை அழுத்தினாள். மாடிப்படிக் கதவில் அவன் முதுகு. அதற்கடுத்ததில், மேலிருந்து எடுத்த தெரு. கீழே வேகுவேகென்று நடந்து போகிறான் அவன். அடுத்ததில் இன்னும் தள்ளிப் போயிருந்தான்.

தெருப் படங்களில் முதலாவதின் அடியில் மாடிச் சுவர் ஒரு சாண் தெரிந்தது. இரண்டாவதில் விரல்கடை. மூன்றாவதில் சுவரே இல்லை; எடுத்தவன் அவ்வளவு தூரம் வெளியே எட்டியிருக்கிறான். கடைசிப் படம் சாய்ந்திருந்தது. அதில் அவன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தான், மேலே பார்க்கவில்லை.

"அண்ணி."

கொழுந்தன் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. திரை அவனுக்கு முதுகு காட்டியிருந்தது.

"நான் மேலதான் இருந்தேன். புதுக் கேமராவ வாங்கி வச்சுக்கிட்டு பழைய சாஃப்ட்வேரக் கட்டிக்கிட்டு அழறியேன்னு கத்துனேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே என்னையே படம் எடுத்தாரு. கோவத்துல எறங்கிப் போயிட்டேன். ஸ்டூடியோவுக்குப் போனப்புறம்தான் ஆள் வந்து சொன்னாங்க." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "நான் போனப்புறம் என்ன பண்ணாரு? அதுல இருக்கா?"

அவள் கடைசி ஐந்து படங்களையும் கணினியிலிருந்து அழித்தாள். கார்டை உருவினாள்.

"புறாவப் படம் புடிச்சிட்டு இருந்திருக்காரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல தம்பி. போ, வண்டி தெருமுனைக்கு வந்திருக்கும். தலைப்பக்கம் நீ புடிச்சுக்கோ."

நான்கு பேர் தூக்கினார்கள். அவள் மூடிய கையோடு பின்னால் நடந்தாள். தெருமுனை வந்தபோது கார்டின் விளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.