டெய்லர் மாஸ்டரின் ஒரு பெக்

அந்த கிளினிக்கில் நர்ஸம்மாவின் குரல் எட்டாத மூலையே கிடையாது. மருந்து கொடுக்கும் சன்னலில் நின்றுகொண்டு அவர், "சர்க்கரை ஏறிப்போச்சு, இனிமே இனிப்பைத் தொட்டீங்க, அப்புறம் தெரியும் சேதி!" என்று சொன்னால், வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருக்கும் சம்பந்தமில்லாத ஆள் கையிலிருக்கும் பிஸ்கட்டைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொள்வார். நோயாளிகள் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. அதற்காக அவர் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் அவருக்கு நேர்மாறு. ஸ்டெதஸ்கோப்புக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசுகிறவர். அவர்தான் நர்ஸம்மாவை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். குடிக்கிற நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம்.

அதில் போய்க் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் நர்ஸம்மா போய் உட்கார்ந்தார். முப்பது பேரை ஒரே காலையில் திட்டித் தீர்க்கிற திறமை தனக்குப் பிறவியிலேயே உண்டு என்பது அவர் எண்ணம். ஆனால் பயிற்சி கொடுக்க வந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே, "அட்வைஸே பண்ணாதீங்க" என்றார். "முதல்ல, கேக்கலாமான்னு அனுமதி கேளுங்க. அப்புறம் கேள்வியைக் கேளுங்க. கேட்டுட்டு, மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. மிச்சத்தை அவங்களே சொல்லுவாங்க."

ஐந்து எண்ணுகிற நேரத்தில் நான் நாலு பேரைத் திருத்திவிடுவேனே என்று நர்ஸம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை பார்த்தார். கணவர் வந்து, "ஏம்மா, என் மூக்குக்கண்ணாடியைப் பாத்தியா?" என்று கேட்டார். நர்ஸம்மா பதில் சொல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் மனைவி பதில் சொல்லாமல் நின்று அந்த மனிதர் பார்த்ததே இல்லை. மூன்று எண்ணுவதற்குள் முகம் வெளுத்துவிட்டது.

"சரி சரி, அந்தப் பூத்தொட்டியை உடைச்சது நான்தான். பூனை இல்ல."

நர்ஸம்மா நான்கு என்றார் மனசுக்குள்.

"உன் அண்ணன் போன் பண்ணப்போ நான் குளிக்கிறேன்னு சொல்லச் சொன்னேனே... அப்போ நான் குளிக்கல. போதுமா?"

கண்ணாடி அவர் நெற்றியிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அதைக்கூடச் சொல்லாமல் நர்ஸம்மா சமையலறைக்குப் போனார். பயிற்சியில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அப்போதுதான் நம்பினார்.

திங்கட்கிழமையிலிருந்து புதுப் படிவம் வந்தது. வயது வந்த எல்லோரிடமும் குடியைப் பற்றிக் கேட்க வேண்டும்; ஆளைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் டெய்லர் மாஸ்டர்.

இவரிடமா முதல் கேள்வி என்று நர்ஸம்மா தயங்கினார். காரணம் இருந்தது. கிளினிக் ஆட்களுக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு தைப்பவர் அவர்தான். நர்ஸம்மாவின் இரண்டு கோட்டுக்கான துணி அப்போது அவர் கடை மேஜைமேல் வெட்டாமல் கிடந்தது. மனிதருக்குக் கோபம் வந்தால் கோட்டின் கை முழங்காலைத் தொடும், கழுத்து காதைத் தொடும்.

ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று அறுபதுக்கு நூறு. வழக்கமான நாளாக இருந்தால் கூரை அதிர்ந்திருக்கும். நர்ஸம்மா வந்த திட்டை விழுங்கிக்கொண்டு, "மாஸ்டர், எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரி உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு மாஸ்டர் பயந்துவிட்டார். "என்ன சிஸ்டர், எனக்கு ஏதாவது பெரிய வியாதியா?"

"அதெல்லாம் இல்ல. குடிக்கிற பழக்கம் உண்டா?"

"சும்மா, உடம்பு வலிக்கு. நாள் பூரா நின்னு வெட்டுறோமில்ல. எப்பவாவது."

நர்ஸம்மா எண்ணினார். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது.

"வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்" என்றார் மாஸ்டர்.

நர்ஸம்மா பேனாவைக்கூட அசைக்கவில்லை.

"நாலஞ்சு... ஞாயித்துக்கிழமையையும் சேத்தா ஆறு."

"மிச்சம் ஒரு நாள் என்ன பண்ணுவீங்க?"

"அந்த ஒரு நாள் மட்டும் சும்மா இருந்து என்ன ஆகப்போகுது! தினமும்னே எழுதிக்கோங்க" என்று மாஸ்டர் சலித்துக்கொண்டார்.

"சரி. ஒரு நாளைக்கு எவ்வளவு?"

இந்த இடத்தில் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு பெக். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நான் டெய்லர், சிஸ்டர். எனக்கு அளவுதான் எல்லாம்."

நர்ஸம்மா ஐந்து எண்ணினார், பத்தும் எண்ணினார். மாஸ்டர் அசையவில்லை. பொய் சொல்லும் முகம் இல்லை அது. தான் சொல்வதை அவர் முழுசாக நம்பினார்.

அதற்கும் பயிற்சியில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். நர்ஸம்மா ஒரு காலிக் கண்ணாடி டம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து முன்னால் வைத்தார். "வீட்டுல ஒரு பெக்குனா எப்படி ஊத்துவீங்களோ, அப்படியே ஊத்திக் காட்டுங்க."

மாஸ்டர் டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துணியில் சாக்குக் கட்டியால் கோடு இழுக்கிற அதே கவனத்தோடு ஊற்றினார். பாட்டிலைச் சட்டென்று நிமிர்த்திக் கடைசிச் சொட்டு சிந்தாமல் நிறுத்தினார். "இதோ, ஒண்ணு."

நர்ஸம்மா அதை அளவு ஜாடியில் ஊற்றினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தொண்ணூற்றைந்து மில்லி.

"ஒரு பெக்குனா முப்பது, மாஸ்டர்" என்றார் நர்ஸம்மா, முடிந்தவரை மெதுவாக. "உங்க ஒண்ணு, மூணுக்கும் மேல. உங்க ரெண்டு, ஆறுக்கும் மேல."

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. குடிக்கிறார் என்று சொன்னது அவருக்கு உறைக்கவே இல்லை. அளவு தப்பு என்று சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

"உங்க ஜாடி தப்பு" என்றார்.

ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து இன்னொரு ஜாடி வந்தது. அதுவும் தொண்ணூற்றைந்து என்றது. மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, டம்ளரின் உயரத்தையும் சுற்றளவையும் அளந்தார். அதற்குப் பிறகு அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"முப்பது வருஷமா வெட்டுறேன். ஒரு நூல் பிசகினது இல்ல. என்னைப் போய்..." என்று எழுந்தவர், "ரெண்டு ஜாடியையும் கொண்டுபோய்க் கடையில மாத்துங்க!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறிவிட்டார்.

நர்ஸம்மா நேராக டாக்டர் அறைக்குப் போனார். "ஒரு வார்த்தை திட்டல டாக்டர். ஒரு வார்த்தை! அதுக்கே இவ்வளவு கோவம்."

"திட்டியிருந்தீங்கன்னா வாசலைத் தாண்டுறதுக்குள்ள மறந்திருப்பாரு" என்றார் டாக்டர், கேட்டும் கேட்காமலும்.

மூன்றாம் நாள் மாஸ்டரின் மனைவி போன் பண்ணினார். "என் வீட்டுக்காரரை என்ன பண்ணீங்க சிஸ்டர்? இருமல் மருந்தோட குட்டி மூடியை எடுத்து வச்சுக்கிட்டு, வீட்டுல இருக்கிற அத்தனை டம்ளருக்கும் தண்ணி ஊத்தி அளக்குறாரு. சமையல்கட்டுல கால் வைக்க இடமில்ல. பூச்சாடியைக்கூட விடல!"

"கோவமா இருக்காரா?"

"கோவமா? மனுஷன் வாயே திறக்கல. அப்பப்போ என்னைப் பாத்து, 'உனக்கு முன்னாடியே தெரியுமா'ங்கறாரு. இருபது வருஷமா தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன் சிஸ்டர்! அது காதுல விழல, மூடியை வச்சு அளந்தா விழுதாம்!"

அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் வந்தார். கையில் நர்ஸம்மாவின் இரண்டு கோட்டுகள், அக்குளில் வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நீள நோட்டு. கோட்டுகள் கச்சிதமாக இருந்தன. நோட்டில், யாரோ ஒருவரின் மார்பு, இடுப்பு, கை நீளத்துக்கு அடுத்த பக்கத்தில், தன் அளவை எழுதியிருந்தார். செவ்வாய் நூற்றுத் தொண்ணூறு. புதன் நூற்று எழுபது. வியாழன் இருநூறு; பக்கத்தில் பொடி எழுத்தில் 'மச்சான் வந்தார்'.

"ஜாடி சரிதான்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நர்ஸம்மாவின் நாக்கு நுனியில் இருபது வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் விடவில்லை. "இதைப் பாத்து உங்களுக்கு என்ன தோணுது, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

 மாஸ்டர் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, பையிலிருந்து நூலை உருவிக் கோக்கப் பார்த்தார். நூல் ஊசிக் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போனது. நாலாவது தடவைதான் நுழைந்தது. "கண்ணாடி மாத்தணும்னு சொல்லிச் சொல்லியே ஆறு மாசமா வீட்டுக்காரியைக் கோக்கச் சொல்றேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு. காலையில கைதான் ஆடுது. குடிச்சா நின்னுடுது." ஊசியைத் திரும்பக் காலரில் குத்தினார். "இன்னிக்கே விட்டுடுறேன். மொத்தமா."

"இருங்க, இருங்க!" இந்த ஒரு தடவை நர்ஸம்மா எண்ணவில்லை, குரல் பழையபடி வெளி வாசல் வரைக்கும் போனது. "ஒரேயடியா விடக் கூடாது! காலையில கை ஆடுதுன்னா உடம்பு அதுக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம். திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும். டாக்டரைப் பாக்காம இங்கிருந்து நகரக் கூடாது, சொல்லிட்டேன்!"

மாஸ்டர் முகத்தில் அன்றுதான் சிரிப்பு வந்தது. "அப்பாடா. இப்பதான் சிஸ்டர் மாதிரி இருக்கீங்க."

டாக்டர் அரை மணி நேரம் பேசினார். ரத்தம் எடுத்துப் பார்த்தார், சில மருந்துகள் எழுதினார், வாரம் எவ்வளவு குறைப்பது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நடுக்கம் கூடினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, ராத்திரியானாலும் ஓடி வந்துவிட வேண்டும் என்று மனைவியிடம் தனியாகச் சொல்லிவைத்தார். வாராவாரம் மாஸ்டர் நோட்டோடு வந்தார். நூற்றைம்பது, நூற்றிருபது, தொண்ணூறு. நடுவில் ஒரு வாரம் மறுபடி மேலே ஏறியது. சம்பந்தி வீட்டில் சண்டை. நர்ஸம்மா அதையும் கேட்டுக்கொண்டார். நாலாவது மாதம் முடியும்போது பக்கம் முழுக்கச் சுழி. ரத்த அழுத்தமும் இறங்கி, நூற்று முப்பத்தாறில் நின்றது.

சும்மா இருந்தால் அவர் டெய்லர் மாஸ்டரா? சாயங்காலம் கூடிக் குடிக்கிற பழைய கூட்டாளிகள் நடுவில் சோடாவும் கையுமாகப் போய் உட்கார்ந்து, இருமல் மருந்து மூடியால் அவர்கள் ஊற்றுவதை அளக்க ஆரம்பித்தார். "இது பெக் இல்ல, பக்கெட்டு" என்றார். இரண்டு நாளில் கூட்டாளிகளுக்கு ஏறிய போதையெல்லாம் இறங்கிவிட்டது. "உன் வாயை விட அந்த சிஸ்டர் வாயே மேல்" என்று கிளம்பிவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை காலை நர்ஸம்மா கதவைத் திறந்தபோது, பெஞ்சில் மாஸ்டரின் கூட்டாளிகள் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முடிதிருத்துபவர், ஒரு தச்சர், ஒரு பஸ் கண்டக்டர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒவ்வொருவர் மடியிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளர். பக்கத்தில் காய்ச்சலுக்கு வந்த அம்மா, இங்கே காபி ஏதாவது கொடுக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

வரிசையாக அளக்க ஆரம்பித்தார் நர்ஸம்மா. கண்டக்டர் ஊற்றியது நாற்பது, அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். தான் இந்தக் கூட்டத்திலேயே கடைசி என்று தெரிந்ததும் அவருக்கு லேசாக வருத்தம். வாத்தியார் நூற்றுப் பத்து ஊற்றிவிட்டு, மற்றவர்கள் அளவையும் சேர்த்து சராசரி போட்டால் தன்னுடையது அவ்வளவு ஒன்றுமில்லை என்று வாதாடினார். தச்சரை டாக்டரிடம் அனுப்ப வேண்டியிருந்தது.

முடிதிருத்துபவர் மட்டும் ஊற்றவே இல்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, டம்ளரை மேஜைமேல் வைத்தார். அது பூப்போட்ட பீங்கான் டம்ளர்.

"இது என்னோடது இல்ல சிஸ்டர். என் தங்கச்சியோடது. டீ குடிக்கிற மாதிரி இதுலதான் ஊத்திக் குடிப்பா. வீட்டுல யாருக்கும் தெரியாது." வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பொம்பளைங்க கிட்டயும் இதைக் கேப்பீங்களா?"

"எல்லார்கிட்டயும் கேப்போம்" என்றார் நர்ஸம்மா. "வருவாங்களா?"

"வருவா. ஆனா கூட்டம் இருந்தா கூச்சப்படுவா."

நர்ஸம்மா முன்பதிவு நோட்டைத் திருப்பி, வியாழக்கிழமை மதியத்துக்கு மேல், ஆள் நடமாட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து ஓர் இடத்தைக் குறித்தார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தங்கச்சி' என்று எழுதி, பீங்கான் டம்ளரைப் பத்திரமாகக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.