பம்பரோடு பேசிய பேரம்

பம்பரில் வெட்டிய ஓட்டை முதன்முதலாக மூடிக்கொண்டது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், பட்டறைக்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில். தெருவில் அவருக்கு ஒரேவெட்டு என்று பெயர். தகரமானாலும் தண்டவாளமானாலும் இரண்டாம் தடவை கருவி வைத்ததில்லை என்று அவரே பரப்பிய பெயர்தான். முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி அது உண்மையாகவும் ஆகியிருந்தது. வேன் அவர் தங்கையுடையது. துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை ஊர்களில் விற்று வருவாள். நாலு மில்லிமீட்டர் இரும்புப் பம்பரில் ஐந்து அங்குல வட்டமாக இரண்டு ஓட்டை போட்டு, மூடுபனி விளக்குகளைப் பதிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் திங்கட்கிழமை பனிக்காலம் தொடங்குகிறது. பம்பருக்குள் விளக்குப் பதிக்காத வண்டியை பனி விலகும்வரை நாலு மாதம் மலையடிச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். தங்கையின் புருஷனுக்கு மலை உச்சி வானிலை நிலையத்தில் உத்தியோகம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர்கள் குடித்தனம் செய்ததெல்லாம் அவள் வேனில் ஏறிப்போன சனி ஞாயிறுகளில்தான்.

டீ குடித்துத் திரும்பியவர், தான் வெட்டவே இல்லையோ என்று சந்தேகப்பட்டார். வெட்டி எடுத்த வட்டத் தகடு தரையில் இன்னும் சூடாகக் கிடந்தது. பம்பர் பிறந்த மேனிக்கு இருந்தது. காஸ் கட்டர்தான் ராசியில்லை என்று கிரைண்டரை எடுத்தார். அந்த ஓட்டை சாப்பாட்டு வேளைக்குள் மூடிக்கொண்டது. வட்ட ரம்பத்தை டிரில்லில் மாட்டி இறக்கினார். மருந்து ஊட்டிய கரண்டியைக் கடித்துக்கொள்ளும் குழந்தைபோல, பம்பர் அதைக் கவ்விக்கொண்டு ஒரு மணி நேரம் விடவில்லை. ஜிக்ஸா பிளேடுகளை மென்று துப்பியது. சனிக்கிழமை சாயங்காலம் தரையில் பதினோரு வட்டங்கள் கிடந்தன. பக்கத்து பேட்டரிக் கடைக்காரர் டம்ளர் மூட ஆகும் என்று நாலைப் பொறுக்கிக்கொண்டு, போகும்போது ஒரேவெட்டைப் பதினோருவெட்டு என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். புதுப் பம்பர் வர இரண்டு வாரம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அவர்கள் அப்பா துணி வியாபாரி. அவருடைய பேச்சு முழுக்க மகளுக்கும் பிடிவாதம் முழுக்க மகனுக்கும் பாகம் பிரிந்திருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவள் பம்பரைத் தடவிப் பார்த்தாள்.

"இதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அண்ணா?"

"இரும்புகிட்ட என்னடி கேக்கறது?"

"புடவை எடுக்க வந்தவளுக்கு நீயே ஒண்ணை மடிச்சுக் கையில குடுத்தா வாங்குவாளா? எல்லாத்தையும் விரிச்சுப் போடு. அதுவே எடுக்கட்டும்."

வேனின் முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பட்டறையில் இருந்த கருவிகளையெல்லாம் வரிசையாக வைத்தாள். காஸ் கட்டரைத் தூக்கிக் காட்டி அதன் பெருமைகளைச் சொன்னாள், பம்பருக்கு வேர்த்தது. கிரைண்டரைக் காட்டியதும், ஹேண்ட்பிரேக் போட்டிருந்த வேன் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. ஜிக்ஸாவை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும், நம் கடைதானே, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று துணியின் மூலையை மடிக்கத் தொடங்கினாள். கடையை மூடுகிறாளே என்றதும் அசையாத வாடிக்கையாளர் உலகத்தில் உண்டா? கருவிப் பெட்டியின் அடியில் அவள் கண்ணில் படாமல் துருப்பிடித்துக் கிடந்த அரைவட்ட அரம் தானாக வழுக்கி வந்து பம்பரில் ஒட்டிக்கொண்டது.

அண்ணனுக்குத் தலை சுற்றியது. அரத்தால் ஐந்து அங்குல ஓட்டை போடுவது ஊசியால் கிணறு தோண்டுகிற வேலை. சீக்கிரம் வெட்டுவதுதான் நல்ல கருவி என்று வாழ்ந்தவர் அவர். அதற்குள் தங்கை பம்பரிடம் ஏழு அங்குல ஓட்டை கேட்டுவிட்டாள். ஐந்து போதுமே என்று வாயைத் திறந்தவரின் காலை அவள் மிதித்தாள். பம்பரில் சுண்டுவிரல் நுழையும்படி இரண்டு துளைகள் தாமாகத் திறந்தன.

"போணி நேரத்துல இவ்வளவுதானா?" என்றாள் அவள். "எனக்காக வேணாம். மேல ஒருத்தர் ஜன்னலைப் பாத்துட்டு நிக்கறார், அவருக்காகக் குடு."

துளைகள் மூன்று அங்குலமாயின. அவள் ஆறுக்கு இறங்கினாள். பிறகு அரம் வைத்தபோது இரும்பு சோப்பாக இழைந்தது. அண்ணன் இழுக்க, பம்பர் மெல்லிய குரலில் ராகம் இழுத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐந்து அங்குலத்தில் பேரம் படிந்தது. ஓட்டைகள் மூடவில்லை.

மறுநாள் சாவடிக்காரர் ஓட்டையின் விளிம்பை விரலால் சுற்றிப் பார்த்து, எதனால் வெட்டியது என்று கேட்டார். அரம் என்றாள். அரம் என்று எழுதிக்கொண்டு தடுப்பைத் தூக்கினார்.

வருஷம் மூன்றாகிறது. சமதரையில் அந்தப் பம்பர் விளக்குகளின்மேல் மூடிக்கொண்டு வழுவழுவென்று வருகிறது. மலைப்பாதையில் ஏழாவது வளைவு வந்ததும் பம்பரும், பின்சீட்டில் தூங்குகிற தங்கையின் பெண்ணும் ஒன்றாகக் கண் திறக்கிறார்கள். பனிக்குள் மஞ்சள் வெளிச்சம் தெரிந்ததும் புருஷன் மேலே டீக்குத் தண்ணீர் வைக்கிறார். வேன் போய் நிற்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும்.